நியோஷோ: போர்க்கப்பல்களுக்கு எண்ணெய் சுமந்த கப்பலின் கதை

போர் வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருவது பீரங்கிகளும் போர் விமானங்களும் தளபதிகளின் பெயர்களும்தான். அந்தப் பீரங்கியைக் களத்துக்குக் கொண்டுசேர்த்தவர் யார், அந்த விமானத்துக்குப் பெட்ரோல் கொடுத்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. பள்ளிக்கூடப் பாடநூல்களும் சொல்வதில்லை.

கடற்படையில் இந்த வேலைக்கென்றே ஒரு வகைக் கப்பல் உண்டு. நடுக்கடலில் மற்ற கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்பும் எண்ணெய்க் கப்பல் அது. அது தாக்கப் போவதில்லை. தன்னைக் காத்துக்கொள்ளச் சில துப்பாக்கிகள் மட்டுமே அதில் இருக்கும். ஆனால் அது இல்லாவிட்டால் மற்ற கப்பல்கள் துறைமுகத்தை விட்டு வெகுதூரம் போக முடியாது.

அப்படிப்பட்ட கப்பல்களில் ஒன்றுதான் அமெரிக்கக் கடற்படையின் 'நியோஷோ'. அது பணியில் இருந்த காலம் மூன்று ஆண்டுகளுக்கும் குறைவு. அதற்குள் இரண்டாம் உலகப் போரின் இரண்டு பெரிய நிகழ்வுகளின் நடுவே அது நின்றது. அதன் முடிவை எழுதியதில் எதிரியின் குண்டுகளுக்கு எவ்வளவு பங்கோ, தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட ஓர் உத்தரவுக்கும் தவறாகக் கணக்கிடப்பட்ட ஓர் எண்ணுக்கும் அவ்வளவு பங்கு உண்டு. இந்தக் கப்பலைப் பற்றி நம் பிள்ளைகளும் அறிந்துகொள்ள வேண்டும் என்று சொல்வதற்கு அதுவே காரணம்.

கப்பல் பிறந்த கதை

1930-களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடற்படைக்கு ஒரு கவலை இருந்தது. பசிபிக் பெருங்கடல் மிகப் பெரியது. ஜப்பானுடன் போர் மூண்டால் ஆயிரக்கணக்கான மைல் தாண்டிப் போக வேண்டும். கையில் இருந்த எண்ணெய்க் கப்பல்களோ பழையவை, மெதுவானவை. வேகமாக ஓடும் போர்க்கப்பல்களுடன் அவற்றால் ஈடுகொடுக்க முடியாது.

இதற்குத் தீர்வாக, வணிகத்துக்கும் போருக்கும் பயன்படக்கூடிய வேகமான எண்ணெய்க் கப்பல்களைக் கட்ட அரசு உதவியது. சிமரோன் வகை என்று பெயர் பெற்ற அந்த வரிசையில் இரண்டாவது கப்பல் நியோஷோ. நியூஜெர்சி மாநிலத்தின் கியர்னி நகரில் கட்டப்பட்டு, 1939 ஏப்ரல் 29 அன்று நீரில் இறக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 7 அன்று கடற்படைப் பணியில் சேர்ந்தது. எண்ணெய்க் கப்பல்களுக்கு ஆறுகளின் பெயரைச் சூட்டுவது அன்று அமெரிக்கக் கடற்படையின் வழக்கமாக இருந்தது. கான்சாஸ், ஓக்லஹோமா மாநிலங்கள் வழியே ஓடும் ஓர் ஆற்றின் பெயர் நியோஷோ.

அதன் நீளம் 553 அடி. முழுச் சுமையோடு எடை சுமார் 25,000 டன். வேகம் 18 நாட், அதாவது மணிக்கு சுமார் 33 கிலோமீட்டர். இன்று இது சாதாரணமாகத் தோன்றலாம். அன்றைய எண்ணெய்க் கப்பலுக்கு இது பெரிய வேகம். பணியாளர்கள் சுமார் 300 பேர்.

சுமக்கும் அளவு 1,46,000 பேரல். ஒரு பேரல் 159 லிட்டர் என்று கணக்கிட்டால் 2 கோடியே 32 லட்சம் லிட்டர். நம் சாலைகளில் ஓடும் 12,000 லிட்டர் டேங்கர் லாரிகளில் இதை ஏற்றினால் 1,900 லாரிகளுக்கு மேல் தேவைப்படும்.

ஓடிக்கொண்டே எண்ணெய் ஊற்றுவது

எண்ணெய்க் கப்பல் நடுக்கடலில் எப்படி எரிபொருள் கொடுக்கிறது? இரண்டு கப்பல்களும் நிற்பதில்லை. நின்றால் நீர்மூழ்கிக் கப்பலுக்கு எளிய இலக்காகிவிடும். ஒரே திசையில், ஒரே வேகத்தில், பக்கவாட்டில் சில பத்து அடி இடைவெளியில் இரண்டும் ஓட வேண்டும். எண்ணெய்க் கப்பலில் இருந்து முதலில் கயிறு வீசப்படும். அந்தக் கயிற்றின் வழியே கனத்த ரப்பர் குழாய் மறு கப்பலுக்குப் போகும். பிறகு பம்பு ஓடத் தொடங்கும்.

அலை இரண்டு கப்பல்களையும் வெவ்வேறு விதமாகத் தூக்கிப் போடும். சுக்கானைப் பிடித்திருப்பவர் கொஞ்சம் கவனம் தவறினாலும் கப்பல்கள் உரசும், அல்லது குழாய் அறுந்து எண்ணெய் கொட்டும். இப்படி மணிக்கணக்கில் ஓட வேண்டும்.

இந்த முறையை அமெரிக்கக் கடற்படை கற்றுக்கொண்டது முதல் உலகப் போரில். 1917-ஆம் ஆண்டு 'மாமி' என்ற எண்ணெய்க் கப்பல், அயர்லாந்துக்குப் போய்க்கொண்டிருந்த ஆறு நாசகாரிக் கப்பல்களுக்கு அட்லாண்டிக் கடலில் எரிபொருள் நிரப்பியது. அதற்கான ஏற்பாடுகளை வடிவமைத்தவர்களில் ஒருவர், அந்தக் கப்பலில் அதிகாரியாக இருந்த செஸ்டர் நிமிட்ஸ். இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, ஜப்பானுக்கு எதிரான போரில் பசிபிக் கடற்படைக்குத் தலைமை ஏற்றவரும் அவரே. எண்ணெய்க் கப்பலின் மதிப்பை அறிந்தவர் தலைமைப் பொறுப்பில் இருந்தது அமெரிக்காவுக்கு நன்மையாக அமைந்தது.

முத்துத் துறைமுகத்தில் அந்தக் காலை

1941 ஜூலையில் தேவையான மாற்றங்கள் முடிந்ததும் நியோஷோ ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் விமானப் பெட்ரோலை ஏற்றும். ஹவாய்த் தீவில் உள்ள பேர்ல் ஹார்பருக்குக் கொண்டுபோய் இறக்கும். 1941 டிசம்பர் 6 அன்றும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. துறைமுகத்தின் நடுவே இருக்கும் ஃபோர்டு தீவின் பெட்ரோல் துறையில் கட்டப்பட்டிருந்தது. முன்னும் பின்னும் பசிபிக் கடற்படையின் மாபெரும் போர்க்கப்பல்கள் வரிசையாக நின்றன.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை 8 மணிக்குச் சற்று முன்பாக ஜப்பானிய விமானங்கள் வந்தன. அருகே நின்ற 'ஓக்லஹோமா' டார்பிடோக்கள் தாக்கிக் கவிழ்ந்தது. 'அரிசோனா' வெடித்துச் சிதறியது. தண்ணீரின் மேல் எண்ணெய் பரவி எரிந்தது.

அந்தத் தீயின் நடுவே நியோஷோ நின்றது. பெட்ரோல் கப்பலின் ஆபத்து, சுமை இறங்கியதோடு போய்விடாது. பெட்ரோலைவிடக் காலித் தொட்டியில் தேங்கும் அதன் ஆவி எளிதில் வெடிக்கும். ஒரு குண்டு விழுந்திருந்தால் கப்பல் மட்டுமல்ல, சுற்றியிருந்தவையும் கரையில் இருந்த பெட்ரோல் தொட்டிகளும் சேர்ந்து எரிந்திருக்கும்.

கப்பலின் தலைவர் ஜான் பிலிப்ஸ், கட்டியிருந்த கயிறுகளை வெட்டச் செய்து கப்பலைப் பின்னோக்கி நகர்த்தினார். வழக்கமாகத் துறைமுகத்தில் இவ்வளவு பெரிய கப்பலை இழுவைப் படகுகள்தான் இழுத்துச் செல்லும். அன்று உதவிக்கு யாரும் இல்லை. கவிழ்ந்து கிடந்த ஓக்லஹோமாவைக் கடந்து, மேலே வந்த விமானங்களை நோக்கிச் சுட்டுக்கொண்டே நியோஷோ பாதுகாப்பான பகுதிக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்று பேர் காயமடைந்தனர். இந்தச் செயலுக்காகப் பிலிப்ஸுக்கு 'நேவி கிராஸ்' பதக்கம் வழங்கப்பட்டது.

ஓர் எண்ணெய்க் கப்பல் போனால் என்ன ஆகும்?

அடுத்த ஐந்து மாதங்கள் நியோஷோவுக்கு ஓய்வில்லை. நடுக்கடலில் எரிபொருள் நிரப்பக்கூடிய கப்பல்கள் அப்போது பசிபிக்கில் கைவிட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. துணைக்கு அனுப்பப் பாதுகாப்புக் கப்பல்களும் போதவில்லை. விமானந்தாங்கிக் கப்பல்களோடு போவதும், சில சமயம் தனியே ஓடுவதுமாக அதன் நாள்கள் கழிந்தன.

ஓர் எண்ணெய்க் கப்பலின் மதிப்பு என்ன என்பதை 1942 ஜனவரியில் நடந்த ஒரு சம்பவம் காட்டியது. 'லெக்சிங்டன்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் வேக் தீவைத் தாக்கப் புறப்பட்டது. அதற்கு எண்ணெய் கொடுக்க வேண்டிய 'நெச்சஸ்' என்ற பழைய கப்பலை ஜனவரி 23 அன்று ஜப்பானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. லெக்சிங்டனுக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனாலும் தாக்குதல் கைவிடப்பட்டது. எரிபொருள் இல்லாமல் போய்வர முடியாதே!

பவளக் கடலில்

1942 மே மாதம் ஜப்பானியப் படை, நியூகினித் தீவின் தென்கரையில் உள்ள போர்ட் மோர்ஸ்பியைப் பிடிக்கக் கடல் வழியே வந்தது. அது கைக்குப் போனால் ஆஸ்திரேலியாவின் வடபகுதி ஜப்பானிய விமானங்களின் பிடிக்குள் வந்துவிடும். தடுக்க அமெரிக்கா 'யார்க்டவுன்', 'லெக்சிங்டன்' என்ற இரு விமானந்தாங்கிகளை அனுப்பியது. யார்க்டவுன் குழுவுக்கு எண்ணெய் கொடுக்கும் பொறுப்பு நியோஷோவுக்கு.

மே 6 அன்று யார்க்டவுனுக்கும் 'அஸ்டோரியா' என்ற கப்பலுக்கும் எரிபொருள் கொடுத்து முடித்தது நியோஷோ. போர் நெருங்கிவிட்டதால், அதைத் தெற்கே பாதுகாப்பான இடத்துக்குப் போய்க் காத்திருக்கச் சொன்னார்கள். துணைக்கு 'சிம்ஸ்' என்ற ஒரே ஒரு நாசகாரிக் கப்பல்.

மறுநாள் காலை ஜப்பானிய வேவு விமானம் இந்த இரண்டு கப்பல்களையும் கண்டது. ஒரு விமானந்தாங்கியும் ஒரு குரூஸரும் நிற்பதாகச் செய்தி அனுப்பிவிட்டது. ஜப்பானியத் தளபதி ஹாரா அதை நம்பி, 'ஷோகாகு', 'ஜுய்காகு' ஆகிய தம் இரு விமானந்தாங்கிகளில் இருந்து 78 விமானங்களை அனுப்பினார்.

வந்தவர்கள் எதிர்பார்த்த விமானந்தாங்கி அங்கே இல்லை. வெகுநேரம் தேடினார்கள். டார்பிடோ விமானங்கள் திரும்பிப் போயின. ஆனால் 36 குண்டுவீச்சு விமானங்கள், கிடைத்ததைத் தாக்குவோம் என்று நண்பகலை ஒட்டிப் பாய்ந்தன. சிம்ஸ் கப்பல் இரண்டாக உடைந்து சில நிமிடங்களில் மூழ்கியது. அதில் இருந்தவர்களில் 20 பேர்கூட உயிர் பிழைக்கவில்லை.

நியோஷோ மீது ஏழு குண்டுகள் விழுந்தன. சுடப்பட்ட ஒரு விமானம் எரிந்துகொண்டே வந்து அதன் பின்பகுதியில் மோதியது. கொதிகலன்கள் வெடித்தன. இயந்திரம் நின்றது. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தீப்பற்றி மிதந்தது.

ஓர் உத்தரவு, இரண்டு பொருள்

கப்பல் எந்த நேரமும் மூழ்கலாம் என்று கருதிய பிலிப்ஸ் ஓர் உத்தரவு பிறப்பித்தார். கப்பலை விட்டு வெளியேறத் தேவையான எல்லாவற்றையும் தயார் செய்து, அடுத்த உத்தரவுக்குக் காத்திருங்கள் என்பது அதன் பொருள். குண்டுச் சத்தத்திலும் புகையிலும் அது பலருக்கு வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. "வெளியேறு" என்று சொல்லிவிட்டார்கள் என்று நினைத்துப் பலர் கடலில் குதித்தார்கள். உயிர்காப்பு மிதவைகள் அவிழ்த்து விடப்பட்டன. அவை அலையில் விலகிப் போயின.

கப்பலோ மூழ்கவில்லை. முந்தைய நாள்களில் எண்ணெயைக் கொடுத்துத் தீர்த்ததால் பல தொட்டிகள் காலியாக இருந்தன. அந்தக் காலித் தொட்டிகளில் இருந்த காற்றே கப்பலைத் தாங்கிப் பிடித்தது. கப்பலில் இருந்தவர்கள் தப்பினார்கள்; தப்பிக்க வேண்டும் என்று குதித்தவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை.

மறுநாள் கணக்கெடுத்தபோது நியோஷோவின் ஆள்களில் 110 பேர் கப்பலில் இருந்தார்கள். 20 பேர் இறந்திருந்தார்கள். 158 பேரைக் காணவில்லை. சிம்ஸில் இருந்து தப்பி வந்த சிலரும் இவர்களோடு இருந்தார்கள்.

வால்வை மூடியவர்

அன்று தன் பணியை விட்டு நகராதவர்களில் ஒருவர் ஆஸ்கர் பீட்டர்சன். கொதிகலன் பிரிவில் மூத்த பணியாளர். சேதத்தைச் சரிசெய்யும் ஒரு குழுவுக்கு அவர் பொறுப்பு. குண்டு வெடிப்பில் அவர் குழுவினர் எல்லோரும் காயமடைந்தார்கள். அவருக்கும் பலத்த காயம். உதவிக்கு ஆள் இல்லை. கொதிக்கும் நீராவி கசிந்துகொண்டிருந்த இடத்துக்குத் தனியே போய், குழாய்களின் வால்வுகளை மூடினார். அதில் உடல் மேலும் வெந்தது. சில நாள்களில் இறந்துபோனார்.

அவருக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த இராணுவ விருதான 'மெடல் ஆஃப் ஆனர்' அறிவிக்கப்பட்டது. 'பீட்டர்சன்' என்றே ஒரு கப்பலுக்கும் பெயர் வைத்தார்கள்.

தவறிய ஓர் எண்

உதவி கேட்டு நியோஷோ வானொலியில் செய்தி அனுப்பியது. கூடவே தான் இருக்கும் இடத்தையும் சொன்னது. கடலில் ஊர் இல்லை, தெரு இல்லை. அட்சரேகையும் தீர்க்கரேகையும்தான் விலாசம். தாக்குதலின் குழப்பத்தில் அந்தக் கணக்கில் தவறு நேர்ந்துவிட்டது.

தேடிப் போன கப்பல்களும் விமானங்களும் சொன்ன இடத்துக்குச் சரியாகவே போயின. அங்கே வெறும் தண்ணீர்தான் இருந்தது. 'மோனஹன்' என்ற நாசகாரிக் கப்பல் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பியது. காற்றும் நீரோட்டமும் நியோஷோவை இன்னும் தள்ளிக்கொண்டே போயின. சாய்ந்த தளத்தில், காயம்பட்டவர்களைக் கவனித்துக்கொண்டு, எப்போது உடையும் என்று தெரியாத கப்பலில் நான்கு நாள்கள் கழிந்தன.

மே 11 அன்று ஒரு தேடும் விமானம் அவர்களைக் கண்டது. பகல் ஒரு மணியளவில் 'ஹென்லி' என்ற நாசகாரிக் கப்பல் வந்து 123 பேரை ஏற்றிக்கொண்டது. நியோஷோவை இழுத்துச் செல்ல முடியாத நிலை. எதிரி கையில் சிக்கக் கூடாது என்பதால், நான்கு நாள்கள் தாங்கி வந்த கப்பலை ஹென்லியே சுட்டு மூழ்கடித்தது.

மிதவைகளில் போனவர்களின் கதை இன்னும் துயரமானது. நான்கு மிதவைகளை ஒன்றாகக் கட்டிக்கொண்டு 68 பேர் அதில் இருந்தார்கள். நிழல் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். ஒரு வாரத்துக்கும் மேலான பிறகு 'ஹெல்ம்' என்ற கப்பல் அந்த மிதவையைக் கண்டபோது உயிரோடு இருந்தவர்கள் நான்கே பேர்.

நியோஷோ கொடுத்ததும் இழந்ததும்

ஜப்பானியர்கள் தம் முழு பலத்தையும் ஓர் எண்ணெய்க் கப்பல் மீதும் ஒரு நாசகாரி மீதும் செலவழித்த அதே காலையில், அமெரிக்க விமானங்கள் 'ஷோஹோ' என்ற ஜப்பானிய விமானந்தாங்கியை மூழ்கடித்தன. அமெரிக்க விமானந்தாங்கிகள் அன்று தாக்கப்படாமல் தப்பின. மறுநாள் நடந்த போரில் லெக்சிங்டன் மூழ்கியது, யார்க்டவுன் சேதமடைந்தது என்றாலும், போர்ட் மோர்ஸ்பியை நோக்கி வந்த ஜப்பானியப் படை திரும்பிப் போனது. கடல் வழியாக அதைப் பிடிக்கும் முயற்சி பிறகு வெற்றி பெறவே இல்லை. நியோஷோவும் சிம்ஸும் தாம் அறியாமலே எதிரியின் அடியைத் தம் மேல் வாங்கிக்கொண்டிருந்தன.

கப்பல் மூழ்கினாலும் பெயர் போகவில்லை. அதே 1942-இல் இன்னோர் எண்ணெய்க் கப்பலுக்கு 'நியோஷோ' என்று பெயரிட்டார்கள். 1954-இல் பணிக்கு வந்த இன்னொரு கப்பலும் அதே பெயரைத் தாங்கியது. இவையும் போர்க்கப்பல்களுக்கு எண்ணெய் சுமந்தவையே.

போரில் எந்த அரசின் பக்கம் நியாயம் என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். இந்தக் கப்பலில் இருந்தவர்கள் செய்த வேலைகளை மட்டும் பாருங்கள். குழாய் பிடிப்பது, வால்வு மூடுவது, உத்தரவைக் காதில் வாங்கி அப்படியே அடுத்தவரிடம் சொல்வது, வரைபடத்தில் இடத்தைக் குறிப்பது. இவற்றில் எதையும் வீரச் செயல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஒருவர் வால்வை மூடியதில் தோழர்களின் உயிர் இருந்தது. ஒரு வாக்கியம் பாதியாகப் போய்ச் சேர்ந்ததில் நூற்றுக்கு மேற்பட்டோர் கடலில் விழுந்தார்கள். ஓர் எண் தவறியதில் மீட்புக் கப்பல்கள் வெற்றுக் கடலைச் சுற்றி வந்தன.

நம்மிடம் ஒப்படைக்கப்படும் வேலையை அமானிதம் என்கிறோம். அது பெரிய பதவியாக இருக்க வேண்டும் என்பதில்லை. மருந்துக்கடையில் சீட்டைப் படிப்பவர், ஆம்புலன்ஸுக்கு விலாசம் சொல்பவர், பயணச்சீட்டில் பெயர் எழுதுபவர், ஒருவர் சொன்ன செய்தியை இன்னொருவருக்குக் கொண்டுபோகும் பிள்ளை, இவர்கள் கையிலும் சில நேரம் பிறர் உயிர் இருக்கிறது. கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க அரை நிமிடம் போதும். பவளக் கடலில் அந்த அரை நிமிடம் கிடைக்காமல் போனவர்கள் அறுபத்தெட்டு பேர் ஒரே மிதவைக் கூட்டத்தில் இருந்தார்கள் என்பதை நினைவில் வைப்போம்.